பாஞ்சாக்ஸ் முட்டைகள் வெளுத்துப்போவது பற்றி

வணக்கம் நண்பரே. வாய்க்காலில் பிடித்த வரி பாஞ்சாக்ஸ் என்ற சின்ன நன்னீர் மீன் தொட்டியில் முட்டையிடுகிறது, முட்டைகள் இரண்டே நாளில் வெளுத்துப் பஞ்சு பிடிக்கின்றன, பொரித்த ஒன்றிரண்டு குஞ்சுகளும் காணாமல் போகின்றன என்று எழுதியிருந்தீர்கள்.

குஞ்சுகளைத் தின்பது தாய்மீன்கள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். முட்டைகளைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும். பச்சை அக்ரிலிக் நூலைக் கொத்தாகக் கட்டி, தெர்மாகோல் துண்டில் மாட்டி மிதக்கவிடுங்கள். தினமும் சில முட்டைகள் அதில் ஒட்டியிருக்கும். நல்ல முட்டை கண்ணாடி மணிபோல் தெளிவாக, விரலால் எடுத்தாலும் உடையாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். வெளுத்தது கருவுறாதது அல்லது செத்தது, அதை உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். நல்ல முட்டைகளைப் போட்டுவைக்க, ஆழமில்லாத டப்பாவில் தொட்டித் தண்ணீரும் வெளிர்நீலம் ஆகுமளவு மெத்திலீன் புளூவும் (பூஞ்சையைத் தடுக்கும் நீலச் சாய மருந்து) போதும். 25 டிகிரி வாக்கில் சுமார் இரண்டு வாரத்தில் பொரிக்கும்.

பெரும்பாலான முட்டைகள் வெளுத்தால் ஆண் மீனைக் கவனியுங்கள். காட்டு மீன் புதுத் தொட்டியில் மிரண்டு ஒதுங்கும். மிதக்கும் செடி நிறையப் போட்டு, ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் விட்டு, கொசுப்புழு கொடுங்கள். அப்புறம், மூடி அவசியம், நன்றாகத் துள்ளும். குஞ்சுகளுக்கு அன்று பொரித்த ஆர்ட்டீமியா (மிகச் சிறிய உப்புநீர் இறால் வகை) கொடுக்கலாம். வளர்ந்தவற்றை அவ்வப்போது பிரித்துவிடுங்கள். பெரியது சிறியதைத் தின்றுவிடும்.