எந்த பிளானர் வாங்கலாம், அக்கா?

கேள்வி: வணக்கம் அக்கா. மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்குக் கப்பலூரில் ஷிப்ட் வேலை. மகன் ஆறாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. சர்க்கரை நோயுள்ள மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசை ஆசையாக ஒரு பிளானர் வாங்குகிறேன். பொங்கல் வரைக்கும் எழுதுவேன். அதற்குப் பிறகு வெற்றுப் பக்கம்தான். போன மாதம் கரண்ட் பில் கட்ட மறந்து அபராதம் கட்டினேன். மகனுக்குத் தேர்வு இருக்கும் நாளில் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அத்தையை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகும் நாளும் தவறிவிட்டது. "உனக்கு ஞாபகமே இல்லை" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எந்த பிளானர் வாங்கினால் ஒழுங்காக எழுதுவேன்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்றையும் திரும்பப் படித்துப் பாருங்கள். கரண்ட் பில் வீட்டுக்கே பொது. தேர்வு மகனுடையது. மறுபரிசோதனை அத்தையுடையது. ஐந்து பேருடைய தேதிகளை ஒரே தலையில் சுமந்துகொண்டு, அலுவலகத்தில் ஊரார் கணக்கையும் பார்க்கிறீர்கள். அதில் ஒன்று நழுவினால் ஞாபகமே இல்லை என்று சொல்வது அநியாயம். இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

பிளானருக்கு வருகிறேன். உங்கள் வீட்டு பீரோவில் ஏற்கெனவே ஒரு நோட்டு இருக்கும்: முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் மஞ்சளுமாக, உங்கள் கல்யாண மொய் நோட்டு. நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் அது தொலைவதில்லை. அதைத் தினமும் பராமரிக்கிறேன் என்று யாரும் சபதம் எடுத்ததும் இல்லை. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரு பத்திரிகை வந்துவிட்டால், அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று பார்க்க அதைத் திறந்தே ஆக வேண்டும். ஊர், பெயர், தொகை என்று ஒரே வரிசையில் எழுதியிருப்பதால், மொய் எழுத உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் தேடியது கிடைத்துவிடும். இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. அந்த அச்சுத் தாள்களையும் அதே பீரோவில்தான் வைக்கிறோம்.

உங்கள் பிளானரை எழுதுவதற்கு மட்டுமே திறந்திருக்கிறீர்கள். பார்ப்பதற்காகத் திறக்கும் அவசியம் ஒரு நாளும் வரவில்லை. யாரும் திறந்து பார்க்காத நோட்டில் எத்தனை நாள்தான் எழுதிக்கொண்டிருக்க முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. கடையில் விற்கும் பிளானரில் காலை ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி என்று கட்டம் போட்டிருப்பார்கள். தன் நேரம் தன் கையில் இருக்கும் ஆளுக்காகச் செய்த கட்டம் அது. உங்கள் நாள் மணிக்கணக்கில் ஓடுவதில்லை. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன், பள்ளி வேன் வருவதற்குள், அலுவலக இடைவேளையில், அவர் ஷிப்ட் முடிந்து வந்த பிறகு, அத்தை மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு: இப்படித்தான் ஓடுகிறது. ஒரு நாள் தண்ணீர் தாமதமாக வந்தால் போதும், கட்டம் போட்ட பக்கம் முழுவதும் பொய்யாகிவிடும். நாலு நாள் பொய்யான பக்கத்தை ஐந்தாம் நாள் திறக்க மனம் வராது. தேதி அச்சிட்ட நோட்டில் விட்டுப்போன பக்கங்கள் வேறு வெறுமையாக நின்று குற்றம் சொல்லும். உங்களைச் சோர்வாக்கியது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே இந்த ஆண்டு பிளானர் வாங்காதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

தேதிகள் எல்லாம் சுவருக்குப் போகட்டும். சிவகாசியில் அச்சாகி, நகைக்கடையும் ஜவுளிக்கடையும் இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டர், பெரிய கட்டங்களோடு இருப்பதாகப் பார்த்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் மாட்ட வேண்டாம். மகளுக்கும் கை எட்டும் உயரத்தில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டி, நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஷிப்ட் மாறும் நாளை உங்கள் கணவர் எழுதட்டும். தேர்வுத் தேதியை மகன் எழுதட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தாராளமாக முடியும். அவர்களிடம் கேட்டுக்கேட்டு நீங்களே எழுதினால் பழைய கதைதான். கரண்ட் பில்லுக்கு நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள்; அன்றிலிருந்து இருபது நாள் அவகாசம் உண்டு. ரீடிங் எடுத்த அன்றே கடைசித் தேதியைப் பார்த்து, அதற்கு ஐந்து நாள் முந்திய கட்டத்தில் "கரண்ட்" என்று எழுதிவிடுங்கள். கடைசி நாள் கட்டத்தில் எழுதினால் அதைப் பார்க்கும்போது இரவு பத்து மணியாகியிருக்கும்.

அன்றாட வேலைக்கு ஒரு சாதாரண நோட்டு போதும். கைப்பைக்குள் அடங்கும் அளவு, கோடு போட்டது, பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் மறுபக்கம் தெரியாத தாள். அட்டை அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. அழகான அட்டை கிறுக்கவிடாது. புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன கடைகளில் கேட்டுப் பாருங்கள், அல்லது உங்கள் தெருமுனைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டைத் திறக்கிற அன்றைக்கு நீங்களே தேதி போடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்குப் பத்து நாள் உறவினர் வந்து தங்கி நோட்டைத் தொடவே முடியாமல் போனாலும், பதினோராம் நாள் அடுத்த வரியில் தொடரலாம். நடுவில் வெற்றுப் பக்கம் என்று ஒன்று இருக்கவே இருக்காது.

அதில் எழுதும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புல்லட் ஜர்னல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இணையத்தில் பார்த்தால் பூவும் கொடியும் வண்ணப் பேனாவுமாக இருக்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரைடர் கரோல் என்ற வடிவமைப்பாளர் 2013-ல் அதை வெளியிட்டபோது பூவும் இல்லை, கொடியும் இல்லை. சிறு வயதில் கவனக் குறைபாட்டோடு போராடியவர் அவர். தனக்காக உருவாக்கிக்கொண்ட முறை அது. வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்தால் புள்ளிமேல் ஒரு பெருக்கல் குறி. அடுத்த நாளுக்குத் தள்ளினால் ஓர் அம்புக்குறி. எனக்குப் பிடித்தது அந்த அம்புக்குறி. முடியாத வேலையைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் அதைக் கைப்பட மறுபடி எழுத வேண்டும். இரண்டாம் தடவை எழுதும்போதே, இது நமக்குத் தேவைதானா என்று கை கேட்டுவிடும்.

உதாரணத்துக்கு, "ரேஷன் கார்டில் பாப்பா பெயர் சேர்க்க வேண்டும்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளாக அம்புக்குறி போட்டுத் தள்ளிக்கொண்டே வருகிறது. உங்களுக்குச் சோம்பல் இல்லை, வரியில்தான் குறை. அது ஒரு வேலையே அல்ல, நாலைந்து வேலைகளின் மூட்டை. அதை அடித்துவிட்டு, "பிறப்புச் சான்றிதழைப் பச்சை ஃபைலில் தேட" என்று மட்டும் எழுதுங்கள். மறுநாள், "பாப்பா ஆதாரை ஸ்கேன் எடுக்க." அதற்கு மறுநாள், "இ-சேவை மையம், மதியம்." ஒவ்வொன்றும் கால் மணி நேரத்தில் முடிகிற அளவுக்கு வரியை நறுக்குங்கள். ஒரு நாளைக்கு இப்படி மூன்று வரி போதும். சமையல், துணி, வீட்டுப்பாடம் எதையும் எழுத வேண்டாம். அவை எழுதாமலே நடக்கின்றன. பத்து வரி எழுதி நாலை முடித்தால் இரவில் ஆறு வரிதான் கண்ணில் நிற்கும்.

நோட்டை எப்போது பார்ப்பது? எட்டு மணிக்கு என்று முடிவு செய்யாதீர்கள், உங்கள் வீட்டில் அது நடக்காது. வேன் கிளம்பியதும் வாசலிலிருந்து திரும்பி வந்து, காலண்டர் முன் நின்று, இன்றைய கட்டத்தைப் பார்த்துவிட்டு மூன்று வரியை எழுதுங்கள். ராத்திரி அடுப்பைத் துடைத்த கையோடு பெருக்கலோ அம்போ போடுங்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு சேர்த்துக் கட்டினால் பார்ப்பதும் தவறாது.

செல்போனை விட்டுவிடச் சொல்லவில்லை. மணி அடிக்க வேண்டியதற்கு மட்டும் அது இருக்கட்டும்: அத்தையின் மாத்திரை, மகனை டியூஷனிலிருந்து அழைத்து வரும் நேரம். அலாரம் அதிகமானால் காது அதைக் கேட்காமல் பழகிவிடும்.

அத்தைக்குத் தனி நோட்டு வேண்டும். இதை உங்கள் நோட்டோடு கலக்காதீர்கள்; உங்கள் கைப்பையோடு அது அலுவலகம் போய்விட்டால், திடீரென்று யாராவது அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. முதல் பக்கத்தில் மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த வேளை; எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் அங்கேயே. அடுத்த பக்கத்திலிருந்து தேதி, வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, ரத்த அழுத்தம். மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறோமே, அந்த எச்பிஏ1சி அளவுக்குத் தனியாக ஒரு பக்கம். அடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியை அங்கே எழுதும்போதே சுவர்க் காலண்டரிலும் எழுதிவிட வேண்டும். கடைசிப் பக்கம் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு: கால் எரிச்சல், இரவில் தூக்கம் இல்லை, இப்படி நினைவுக்கு வரும்போதெல்லாம் ஒரு வரி. பெரியாஸ்பத்திரியானாலும் தனியார் மருத்துவமனையானாலும், டாக்டர் எதிரில் உட்காரும் அந்தச் சில நிமிடத்தில் எல்லாம் மறந்துதான் போகும்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்றால் அவர் கையாலேயே எழுதட்டும். தன் சர்க்கரையைத் தானே எழுதுகிறவருக்கு ஏறியதும் இறங்கியதும் தானாகத் தெரியும். நீங்கள் சொன்னால் வரும் வருத்தமும் இருக்காது. அவருக்கு மட்டும் பிள்ளைகள் எழுதிப் பழகும் இரட்டைக் கோடு நோட்டாக வாங்கிக் கொடுங்கள். எழுத்து பெரிதாக விழும், அவசரத்தில் யார் எடுத்துப் பார்த்தாலும் படிக்க முடியும்.