கால் உடைந்த கொத்தனாருக்கு 40,000 ரூபாய் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38, கொத்தனார். நான்கு மாதத்துக்கு முன் பெரம்பலூர் பக்கம் தங்கி வேலை பார்த்தபோது, சைக்கிளில் போனவர் மீது சரக்கு வேன் மோதிவிட்டது. வலது தொடை எலும்பு உடைந்து ராடு வைத்திருக்கிறார்கள். சாரம் ஏற முடியவில்லை, குத்துக்காலிட்டு உட்காரவும் முடியவில்லை. போலீஸில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். வேன்காரர் 40,000 ரூபாய் தருகிறேன், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். ஆஸ்பத்திரியில் ஒருவர் 'நான் கேஸ் போட்டுத் தருகிறேன், வருவதில் 30 பர்சன்ட் எனக்கு' என்று வெற்றுத் தாள்களை நீட்டுகிறார். கணவருக்குச் சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. என்ன செய்வது? - துறையூர் வாசகி

பதில்: இரண்டு பேர் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது, அதன்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டாம், உங்களிடம் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் போட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. மனு போட்ட தேதிக்கு முந்தைய நாட்களுக்கு வட்டி கிடைக்காது. பெரம்பலூருக்கு அலைய வேண்டுமோ என்ற கவலை வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் இடம் எந்த மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே மனு போடலாம்.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கினோம் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. ஸ்டேஷனில் இன்னும் பதியாவிட்டால் புகாரை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். நான்கு மாதம் ஆகிவிட்டதே, இனி பதிந்து என்ன பயன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தாமதம் ஆக ஆக வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்குக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கேள்வி கூடிக்கொண்டே போகும்.

அதைவிட அவசரமாகப் பார்க்க வேண்டியது, ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி. கூட்டிக்கொண்டு போனவர் பதற்றத்தில் 'சைக்கிளில் இருந்து விழுந்துட்டார்' என்று சொல்லியிருப்பார், டியூட்டி டாக்டரும் அப்படியே எழுதியிருப்பார், வேன் என்ற வார்த்தையே அதில் இருக்காது. நல்ல வழக்குகள் இந்த ஒரு வரியில் ஆட்டம் கண்டதைப் பார்த்திருக்கிறேன். காப்பி வாங்கி வக்கீலிடம் முதல் நாளே காட்டுங்கள். தவறாக இருந்தால், கூட்டிப்போனவரையும் நேரில் பார்த்தவர்களையும் சாட்சியாகக் கொண்டுவர ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

சரி, பணக் கணக்கு. இங்கேதான் ஏழைகள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மெடிக்கல் போர்டு '30 சதவீத ஊனம்' என்று சான்று தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று பெருக்கி, ஒன்றரை லட்சம் என்று முடிப்பது ஒரு வழி. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று பார்த்துக் கணக்கிடுவது இன்னொரு வழி. மாதம் 15,000 வருமானம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் வருடத்துக்கு 1,80,000. நிலையான சம்பளம் இல்லாத, 40 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்ப்பார்கள், 2,52,000 ஆகும். இந்த வருட வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 36 முதல் 40 வயது வரை அந்தப் பெருக்கு எண் 15. அப்படியானால் 37,80,000. இதில் 30 சதவீதம் என்றால் 11,34,000. சாரம் ஏற முடியாத, உட்கார்ந்து பூச முடியாத கொத்தனாருக்குப் பாதித் தொழில் போய்விட்டது என்று நிரூபித்து 50 சதவீதம் வாங்கினால் 18,90,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி எல்லாம் இதற்கு மேல். ஒரே கால், ஒரே ராடு, தொகையில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். உங்கள் வழக்கில் இவ்வளவு வரும் என்று நான் சொல்லவில்லை, கணக்கு போடும் விதத்தைத்தான் சொல்கிறேன்.

டாக்டர் சொல்லும் ஊன சதவீதமும், சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடது கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடலாம், அதே கையை இழந்த அரசு குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம். அதனால் டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போது சதவீதத்தை மட்டும் சொல்ல வைத்து அனுப்பக் கூடாது. இவரால் ஏணி ஏற முடியுமா, சிமென்ட் சட்டி தூக்க முடியுமா, எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று உங்கள் வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிய வைக்க வேண்டும்.

சம்பளச் சீட்டு இல்லையே என்றீர்கள். எந்தக் கொத்தனாரிடம் இருக்கிறது? காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், இப்படிப்பட்டவரிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் மாதம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. அது 2008 விபத்து, இன்றைய கூலி வேறு. கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் அவர் கொத்தனார்தான் என்பதற்கு அது நல்ல ஆதாரம். மேஸ்திரியோ கூட வேலை செய்தவரோ நேரில் வந்து தினக்கூலி எவ்வளவு என்று சொன்னால் இன்னும் பலம்.

அந்த 30 பர்சன்ட் ஆள் விஷயம். வரும் தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்துவதை பார் கவுன்சில் விதிகள் வக்கீல்களுக்கே தடை செய்கின்றன, இடையில் நிற்கும் தரகருக்கு என்ன உரிமை? கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். மாற்றுத்திறனாளி, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் இருப்பவர் என்று ஏதாவது ஒன்றில் உங்கள் கணவர் வந்தால் வக்கீல் இலவசம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே தருவார்கள், ஆனால் இங்கே மனுதாரர் உங்கள் கணவர் என்பதால் அவருடைய தகுதியைத்தான் பார்ப்பார்கள். இலவச வக்கீல் சரியாகப் பார்க்கமாட்டார் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. சிலர் அப்படித்தான், மறுக்கவில்லை. திருப்தி இல்லையென்றால் வேறு வக்கீலைக் கேட்டு அங்கேயே மனு கொடுக்கலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனியே தேடி வந்து இரண்டரை லட்சம் தருகிறோம் என்றாலும் நிதானியுங்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே பலத்த காயத்துக்குச் சட்டம் தரும் தொகை அது, எலும்பு முறிவு பலத்த காயம்தான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் பெரிய தொகை கேட்டுப் போட்ட மனு செல்லாமல் போய்விடும். லோக் அதாலத்தும் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) அப்படித்தான், பணம் சீக்கிரம் வரும், ஆனால் அங்கே முடித்ததற்கு மேல்முறையீடு கிடையாது. ஊனச் சான்று கைக்கு வரும் முன் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வீட்டில் கஷ்டம், 40,000 இப்போதே வேண்டும் என்ற நிலை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் ரசீதை நீங்கள் எழுதுங்கள்: 'மருத்துவச் செலவுக்காக 40,000 ரூபாய் பெற்றேன், இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.' வேன்காரர் அதை ஒப்புக்கொள்ளாமல் தன் ஸ்டாம்ப் பேப்பரைத்தான் நீட்டுகிறார் என்றால், அவர் எதற்காக அந்தப் பணத்தைத் தருகிறார் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.