லகாஷ், கால்காஷ்: நினைவில் நின்ற கதையைச் சரியான புத்தகத்தில் பிடிப்பது எப்படி?

வாசகர் கேள்வி: பள்ளி நாட்களில் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்த ஒரு கதை நாற்பது வருடங்களாக மனதை விட்டு இறங்கவில்லை. ஆறு சூரியன்கள் உள்ள கிரகம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அங்கே இரவு வரும். அண்மையில் தேடி வாங்கினேன். வந்து சேர்ந்ததோ தடித்த நாவல். கிரகத்தின் பெயர் லகாஷ் என்று நினைவு. இதில் கால்காஷ் என்றிருக்கிறது. முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் கதை நீண்டுகொண்டே போகிறது. என் நினைவு பிசகிவிட்டதா? அந்தக் காலத்தில் படித்த இன்னும் பத்துப் பதினைந்து புத்தகங்களையும் சேர்த்துவைக்க ஆசை. முதற்பதிப்புகளைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: உங்கள் நினைவில் ஒரு பிசகும் இல்லை. வாங்கிய புத்தகம்தான் வேறு. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் ‘நைட்ஃபால்’ 1941 செப்டம்பரில் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் சிறுகதையாக வந்தது. அதில் கிரகத்தின் பெயர் லகாஷ். ராபர்ட் சில்வர்பெர்க்குடன் சேர்ந்து அதை நாவலாக விரித்தது 1990-ல். அப்போதுதான் பெயர் கால்காஷ் ஆனது. சிறுகதை இருள் கவிந்த இடத்தோடு நின்றுவிடும். நாவல் மறுநாளுக்குப் போய், பித்துப் பிடித்த உலகில் எஞ்சியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும். நாற்பது வருடங்களுக்கு முன்பு அந்த நாவல் பிறக்கவே இல்லை.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஒரு தொகுப்பை. நூலகங்களில் அதிகம் புழங்கியவை இரண்டு. ‘நைட்ஃபால் அண்ட் அதர் ஸ்டோரீஸ்’ என்ற அசிமோவின் சொந்தத் தொகுப்பு 1969-ல் வந்தது. ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹால் ஆஃப் ஃபேம்’ முதல் தொகுதி 1970-ல் வந்தது. அதைத் தொகுத்தவர் அதே சில்வர்பெர்க். உங்களுடையது இவற்றில் எது என்று அறிய ஒரு வழி உண்டு. அறுவை சிகிச்சையால் அறிவு வளர்ந்து, பிறகு அதே வேகத்தில் தேய்ந்துபோகும் மனிதனின் நாட்குறிப்பு ஒன்றையும், அவனோடு ஓர் எலியையும் அதே புத்தகத்தில் படித்தீர்களா? ஆமென்றால் உங்களுடையது 1970 தொகுதி. மற்ற கதைகளும் அசிமோவின் குரலிலேயே இருந்தன என்றால் 1969. ஒரு கதையை அதன் பக்கத்துக் கதைகளை வைத்துப் பிடிப்பதுதான் இந்த வேலையில் நான் அதிகம் நம்பும் உத்தி. அட்டையின் நிறத்தை நம்பாதீர்கள். நீலம் என்று சத்தியம் செய்தவர்கள் கடைசியில் சிவப்பு அட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டதைப் பார்த்திருக்கிறேன். கைக்குத் தெரிந்த விசித்திரங்கள் அப்படி ஏமாற்றுவதில்லை. ‘புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து இன்னொரு நாவல் தொடங்கும்’ என்று யாராவது சொன்னால், 1952 முதல் 1973 வரை வந்த ‘ஏஸ் டபுள்’ வரிசையில்தான் முதலில் தேடச் சொல்வேன்.

இதற்கெல்லாம் இணையத்தில் ஒரு கருவூலம் இருக்கிறது: ஐஎஸ்எஃப்டிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஊகப் புனைவுத் (அறிவியல் புனைவு, மாயப் புனைவு போன்றவை) தரவுத்தளம். ஒரு சிறுகதையின் பெயரைக் கொடுத்தால் முதலில் எந்த இதழில் வந்தது, பிறகு எந்தெந்தத் தொகுப்புகளில் சேர்ந்தது, அட்டை எப்படி இருந்தது, எத்தனை பக்கம் என்று வரிசையாகக் காட்டும். பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும். பெயர் மாறிய புத்தகங்களும் இங்கே பிடிபடும். ஆல்ஃபிரட் பெஸ்டரின் நாவல் ஒன்றுக்கு இரண்டு பெயர்கள்: பிரிட்டனில் ‘டைகர்! டைகர்!’, அமெரிக்காவில் ‘தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்’. ரே பிராட்பரியின் செவ்வாய்க் கதைகள் (‘தி மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்’) பிரிட்டனுக்குப் போனபோது ‘தி சில்வர் லோகஸ்ட்ஸ்’ ஆயின. இரண்டாவதை நானே புதுப் புத்தகம் என்று எண்ணி ஆவலோடு வாங்கி, பத்தாவது பக்கத்தில் அசடு வழிந்திருக்கிறேன்.

பெயர் மாறினால் கண்டுபிடித்துவிடலாம். பெயர் அப்படியே இருக்க, உள்ளே பாடம், அதாவது அச்சான வாசகம், மாறியிருப்பதுதான் வில்லங்கம். அதே செவ்வாய்க் கதைகளின் 1997 பதிப்பில் எல்லா ஆண்டுகளோடும் 31 கூட்டப்பட்டது. 1999-ல் கிளம்பிய ராக்கெட் 2030-ல் கிளம்பியது. ஒரு கதையும் நீக்கப்பட்டது. புத்தகங்களை எரிக்கும் எதிர்காலத்தைப் பற்றிய பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ 1953-ல் வெளியானது. 1967-ல் பள்ளி மாணவர்களுக்கென்று வசைச் சொற்களையும் சில காட்சிகளையும் நீக்கி ஒரு பதிப்பு போட்டார்கள். 1973-லிருந்து சில ஆண்டுகள் கடைகளுக்குப் போனதே அந்த வெட்டுப்பட்ட பாடம்தான். 1979-ல் ஆசிரியருக்கு விஷயம் தெரிந்த பிறகே முழுப் பாடம் திரும்ப வந்தது. தணிக்கையைப் பற்றிய நாவலுக்கே தணிக்கை! எழுபதுகளின் இறுதியில் அச்சான பிரதி கண்ணில் பட்டால் மறுமுறை யோசியுங்கள். அந்த விநோதத்துக்காகவே அதைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

மொழிபெயர்ப்புகள் என்றால் இன்னும் மோசம். ஜூல் வெர்னின் கடலடிப் பயண நாவலை மெர்சியர் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் மொழிபெயர்த்தபோது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனது. நெப்ராஸ்காவின் ‘பேட்லாண்ட்ஸ்’ என்ற இடப்பெயரை ‘நெப்ராஸ்காவின் விரும்பத்தகாத பிரதேசம்’ ஆக்கிய புண்ணியவான் அவர். அந்தப் பாடம் நூறாண்டு தாண்டியும் புதுப்புது அட்டைகளில் உலா வருகிறது. போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாவ் லெம்மின் ‘சோலாரிஸ்’ 1970-ல் ஆங்கிலத்துக்கு வந்தது பிரெஞ்சு வழியாக. போலிஷிலிருந்து நேரடியாக வர 2011 ஆனது. எனவே வெளிநாட்டு நாவல் என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள். அது அச்சிடப்படாத பதிப்பை நான் தொடுவதில்லை.

முதற்பதிப்பு வேண்டுமா என்று கேட்டீர்கள். உங்களுக்கு வேண்டாம். முதற்பதிப்பு ஒரு சந்தைப் பொருள். அதன் விலையில் பெரும்பங்கு மேலுறைக்குத்தான், அதாவது கெட்டி அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் தாளுறைக்குத்தான். கார் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம் 1965-ல் வெளியிட்ட ‘டியூன்’ நாவலின் முதற்பதிப்பைத் துரத்துவது ஒரு தனி விளையாட்டு. நீங்கள் தேடுவது பதின்மூன்று வயதில் கையில் இருந்த புத்தகத்தை. அது பெரும்பாலும் நான்காவது அச்சோ பதினோராவது அச்சோ ஆக இருக்கும், மலிவாகவும் கிடைக்கும். பதிப்பு விவரப் பக்கத்தில் எண்கள் வரிசையாக இருந்தால் அவற்றில் மிகச் சிறியதுதான் அச்சு எண். புத்தக மன்ற உறுப்பினர்களுக்கென்று தனியாக அச்சிட்ட புத்தக மன்றப் பதிப்புகள் என்று ஒரு வகை உண்டு: மேலுறையின் உள்மடிப்பில் விலை இருக்காது, தாள் சற்று மெலிதாக இருக்கும், பின்னட்டையின் கீழ்மூலையில் சில சமயம் சிறு குழி தெரியும். முதற்பதிப்பு என்று சொல்லி அதை விற்றால் வாங்காதீர்கள். படிப்பதற்கென்றால் தாராளமாக வாங்கலாம்.

விற்பவர்கள் சொல்லும் தரச் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வட்டாரத்தில் ‘குட்’ என்றால் நல்லது என்று பொருள் அல்ல. அடிபட்டது, ஆனால் முழுமையானது என்று பொருள். முழுமையானது என்பதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை ‘குட்’ என்ற சொல்லை நம்பி ஒரு காகித அட்டைப் புத்தகம் தருவித்தேன். முதுகில் செலோடேப் ஒட்டியிருந்தது, அது பரவாயில்லை. இரவு ஒன்றரை மணிக்கு, கொலையாளி ரோபோவா மனிதனா என்று தெரியப்போகும் பக்கத்தைப் புரட்டினால் நேராகப் பின்னட்டை. கடைசி எட்டுப் பக்கங்கள் இல்லை. அன்றிலிருந்து நான்கு படங்கள் கேட்காமல் வாங்குவதில்லை: முன்னட்டை, முதுகு, பதிப்பு விவரப் பக்கம், கடைசிப் பக்கம்.

அந்தக் காலத்துக் காகித அட்டைப் புத்தகங்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும்தான் பக்கங்களைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கின்றன. பழுத்ததை வெளுக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். வெயில் படாத, 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமும் 35 முதல் 50 சதவீதம் ஈரப்பதமும் உள்ள இடம் நல்லது. அதைப் பிடிக்க முடியாவிட்டால் நாளுக்கு நாள் ஏறி இறங்காத இடமாவது வேண்டும். மேலுறைக்கு பாலியஸ்டர் உறை போடுங்கள். பிவிசி வேண்டாம், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். முதுகுப் பசை காய்ந்திருக்கும் என்பதால் முழுவதுமாக விரித்துப் படிக்காதீர்கள். ராமபாணப் பூச்சி இருக்குமோ என்ற ஐயம் வந்தால் காற்றுப் புகாத பையில் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் உறைய வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் கோத்துப் பக்கங்கள் அலையலையாக நெளியும்.

ஆசையாகப் பிடித்த பழைய பிரதியைத் திரும்பத் திரும்பப் படித்துக் கிழிக்க மனம் வராது. படிப்பதற்குப் புதிய அச்சு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளின் இதழ்க் கதைகள் பலவற்றுக்கு அமெரிக்காவில் 28-ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அப்படிப் பொதுவுடைமையான கதைகள் ‘புராஜெக்ட் குட்டன்பர்க்’ தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கையில் இருக்கும் கால்காஷ் நாவலைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தொகுப்பு வந்ததும் முதலில் சிறுகதையைப் படியுங்கள். கடைசியில், நட்சத்திரங்கள் தெரியும் இடத்தில், பூமியின் பெயர் வரும் ஒரு பத்தி இருக்கும். பூமியையே அறியாத மனிதர்களின் கதையில் அது எப்படி வந்தது என்று இடறும். அது இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல் நுழைத்தது, அசிமோவுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நாவலில் அதே இடத்தைப் புரட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.