ஒன்பது வளாகங்களில் எதைக் கேட்பது?
அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸில் உள்ள முதன்மை வளாகம் கிடைக்காவிட்டால் படிப்பின் தரம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது. மாநிலம் முழுவதும் பரவியுள்ள 9 வளாகங்களிலும் பாடத்திட்டமும் பட்டமும் ஒன்றே. வேறுபடுவது அன்றாடக் கற்றல்தான்.

இண்டியானாபொலிஸில் பெரிய மருத்துவமனைகள், ரைலி குழந்தைகள் மருத்துவமனை, ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அருகருகே இருப்பதால், ஆராய்ச்சியையோ அரிய சிறப்புத் துறைகளையோ நாடுபவருக்கு அதுவே வசதி. டெர்ரி ஹோட் போன்ற சிறிய வளாகத்திலோ வகுப்பு சிறியது. ஆசிரியர்களிடம் நெருங்கிப் பழகலாம், உயர்பயிற்சி மருத்துவர்கள் (பட்டம் பெற்றபின் சிறப்புத் துறையில் பயிற்சி பெறுவோர்) குறைவாக உள்ள பிரிவுகளில் மாணவரே நோயாளியை நேரடியாகக் கவனிக்கும் வாய்ப்பும் கூடும். கிராமப்புற மருத்துவத்துக்கான தனித் திட்டமும் அங்கே உண்டு, அந்த எண்ணம் உள்ளவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

விருப்பத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தாலும் கேட்ட வளாகமே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகையால் எந்த ஊரில் உங்களால் வாழவே இயலாது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வீட்டாரோடு பேசிவிடுங்கள்.