‘இல்லை’ என்று சொல்ல ஓர் ஆள்

ஐயா,

பெரம்பூரில் வசிக்கிறேன். பி.காம். முடித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சென்ற வாரம் ஒரு நிறுவனத்தின் நேர்காணல். எதிரே மனிதர் யாரும் இல்லை. கணினித் திரையில் கேள்வி வரும். 30 நொடி யோசிக்கலாம், 90 நொடி பேசலாம். திரையில் தெரிந்தது என் முகம் மட்டும். மூன்றாவது கேள்வியில் நா உலர்ந்துவிட்டது. மறுநாளே நிராகரித்து மின்னஞ்சல் வந்தது. அந்த முகவரிக்குப் பதில் அனுப்பவும் முடியாது. நான் லாயக்கில்லாதவள் என்று கணினியே சொல்லிவிட்டது. அடுத்த விண்ணப்பத்தைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா? உங்கள் காலத்தில் ஆள் எடுப்பது நேர்மையாக நடந்திருக்கும்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

என் தம்பி மகனும் இரண்டு மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திரையில் தெரியும் தன் முகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறான். கதவுக்கு வெளியே அதைக் கேட்டுக்கொண்டே உங்கள் கடிதத்தை வாசித்தேன்.

‘லாயக்கில்லாதவள்’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். யார் சொன்னது அப்படி? நீங்கள் பேசியதை ஒரு மென்பொருள் எழுத்தாக்கிச் சில சொற்களைத் தேடியிருக்கலாம். யாருமே பார்க்காமலும் விட்டிருக்கலாம். யார் கொடுத்தது என்றே தெரியாத தீர்ப்பின் கீழ் நீங்களே போய்க் கையெழுத்துப் போடுவீர்களா? படித்த பெண் செய்கிற காரியமா இது?

எங்கள் காலத்து நேர்மையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ‘அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு’ என்று சாதியைத் துழாவிவிட்டுத்தான் பலர் சான்றிதழைப் புரட்டினார்கள். கல்யாணமான பெண் என்றால் கோப்பை மூடினார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தே தலை நரைத்தவர்களை எனக்குத் தெரியும். இயந்திரம் அந்தப் புத்தியை எங்களிடமிருந்துதான் கற்றது. அமேசான் 2014இல் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க ஒரு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது. பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. ‘பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவி’ என்பதுபோல ஒரு வரி இருந்தால் அது மதிப்பைக் குறைத்தது. கடைசியில் கைவிட்டார்கள், 2018இல் செய்தி வெளியே வந்தது.

ஆனாலும் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. 1987இல் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குக் கணக்கெழுதும் வேலை கேட்டுப் போனேன். பெரியவர் ஒருவர் டிரையல் பேலன்ஸ் தாளை முன்னால் வைத்தார். அதில் பற்றும் வரவும் கூட்டினால் சமமாக வரவேண்டும். 540 ரூபாய் இடித்தது. முக்கால் மணி நேரம் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. அவர் என் அருகில் வந்து உட்கார்ந்து, “வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மிச்சமில்லாமல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம்” என்றார். 1,820 என்பதை யாரோ 1,280 என்று எழுதியிருந்தார்கள். பிறகு, “உனக்கு இந்த வேலை இல்லை, தம்பி” என்றார். தட்டச்சில் ஹையர் தேறியிருக்கிறேன் என்று வாதாடினேன். முழுவதையும் கேட்டுவிட்டு மீண்டும் இல்லை என்றார். சைதாப்பேட்டை வரை அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

திட்டுவதற்கு எனக்கு ஒரு முகம் இருந்தது. உங்களுக்கு உங்கள் முகம்தான் இருக்கிறது. அதனால் அதையே திட்டிக்கொள்கிறீர்கள். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, என்ன செய்வது என்று நிறுவனங்கள் கேட்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் போய்ச் சேரும்படி வாசலைத் திறந்து வைத்தது யார்? ஒரு பெண்ணைக் கால் மணி நேரம் பேசவைத்துப் பதிவு செய்துகொள்கிறவர், அதை ஒரு மனிதர் பார்த்தாரா என்று சொல்லக் கடமைப்பட்டவர். ஏன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதவும் கடமைப்பட்டவர். ஒரே ஒரு வரி! நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், இத்தகைய மென்பொருள் பாரபட்சம் காட்டுகிறதா என்று தணிக்கை செய்யவேண்டும். விண்ணப்பித்தவருக்குப் பத்து வேலை நாள் முன்பே தெரிவிக்கவும் வேண்டும். நம் நாட்டில் ஆள்சேர்ப்பு மென்பொருளுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பத் தெரிந்த நமக்கு இதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை.

விண்ணப்பத்தை எதைக் கொண்டு வேண்டுமானாலும் எழுதுங்கள். செய்யாததைச் செய்ததாக மட்டும் எழுதவேண்டாம்.

அந்த மூன்றாவது கேள்வி என்னவென்று நீங்கள் சொல்லவில்லையே. அதையும், நீங்கள் சொல்ல நினைத்த பதிலையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். 90 நொடிக் கணக்கெல்லாம் வேண்டாம்.