பைபிள் கலக்காத பாடப் புத்தகம் இலவசமாகவே கிடைக்கும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், ஃபீனிக்ஸில் இருக்கிறோம். மகளுக்கு வரும் ஆண்டு ஆறு வயது ஆகிறது. வீட்டிலேயே படிக்க வைக்க எண்ணம். விசாரித்த பாடத் தொகுப்புகள் எல்லாம் பல ஆயிரம் ராண்ட். அதிலும் பாதி பைபிள் வசனத்தோடு வருகின்றன. நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் பாடத்தில் எந்த மதமும் வேண்டாம். மலிவாக என்ன கிடைக்கும்?

பதில்: எதையும் வாங்க அவசரப்படாதீர்கள். அடிப்படைக் கல்வித் துறையின் ரெயின்போ பயிற்சிப் புத்தகங்கள் துறையின் இணையதளத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாக இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதும் இவற்றில்தான். பள்ளிகள் பின்பற்றும் காப்ஸ் என்ற தேசியப் பாடத்திட்டத்தை ஒட்டியவை என்பதால், நாளைக்கு மனம் மாறிப் பள்ளியில் சேர்த்தாலும் மகள் தடுமாற மாட்டாள்.

இதே பிடிஎஃப்களைப் பிளாஷ் டிரைவில் போட்டு, 'முழு ஆண்டுப் பாடத் தொகுப்பு' என்று வாட்ஸாப் குழுக்களில் விற்கிறார்கள். அட்டையைப் பாருங்கள்: இந்தப் புத்தகத்தை விற்கக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அதை வெட்டிவிட்டு விற்கிற ஆட்களும் உண்டு. நீங்களே இறக்கி, கறுப்பு வெள்ளையில் இருபக்கமும் அச்செடுத்து, ரிங் ஃபைலில் போட்டால் போதும். திரும்பத் திரும்ப எழுதிப் பழக வேண்டிய பக்கங்களைப் பிளாஸ்டிக் உறையில் செருகி, வெள்ளைப்பலகை மார்க்கரால் எழுதித் துடைத்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்து வாங்குவதென்றால், 'நடுநிலையானது' என்று எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள். மதத்தைப் பேசாமல் இருப்பதற்காகப் பரிணாமப் பாடத்தையும் நீக்கிவிட்ட தொகுப்பாக அது இருக்கலாம். மாதிரிப் பக்கம் கேளுங்கள். டைனோசர் வரும் இடத்தையும் பூமியின் வயதைச் சொல்லும் இடத்தையும் படித்தாலே சங்கதி தெரிந்துவிடும். மாதிரிப் பக்கம் தராதவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் பயந்துபோகிறார்கள். வாழ்க்கைத் திறன்கள் பாடத்தில் பண்டிகைகளும் மத விசேஷ நாட்களும் வரும். தீபாவளி, ஈத், கிறிஸ்துமஸ் எல்லாம் இருக்கும். 'மதம் வேண்டாம் என்றேனே' என்று அந்தப் பக்கங்களைக் கிழிக்காதீர்கள். மதமும் கல்வியும் பற்றிய 2003ஆம் ஆண்டின் தேசியக் கொள்கைப்படி, மதங்களைப் பற்றிச் சொல்லித் தருவது பள்ளியின் வேலை. ஒரு மதத்தை நம்பும்படி சொல்லித் தருவது குடும்பத்தின் வேலை, கோயிலின் வேலை. பக்கத்து வீட்டார் ஏன் நோன்பு இருக்கிறார்கள் என்று குழந்தை தெரிந்துகொள்வதில் போதனை ஒன்றும் இல்லை. 'கடவுள் இப்படிச் சொல்கிறார், அதனால் இது சரி' என்று பாடம் பேசினால்தான் ஒதுக்க வேண்டும். இன்னொன்று, பைபிளில் வரும் நோவாவின் பேழையைக் கதையாகச் சொன்னால் கதை. விலங்கியல் பாடத்தில் வைத்தால் போதனை. சந்தேகம் வந்தால் அந்தப் பக்கம் எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

கதைப் புத்தகத்துக்குக் கேப் டவுனின் புக் டாஷ் அமைப்பு வெளியிடுபவையே போதும். அழகான படக்கதைகள், இறக்கவும் அச்சடிக்கவும் அனுமதி உண்டு. தமிழில் வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாக இலவசமாக இருக்கின்றன. பாட்டி வாசித்துக் காட்டட்டும்.

அப்புறம் பதிவு. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பெலா என்ற கல்விச் சட்டத் திருத்தத்தால், முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டான கிரேட் ஆர் கட்டாயமாகிவிட்டது. ஆறு வயது ஆகும் ஆண்டிலேயே வீட்டுக் கல்விக்கு மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு விண்ணப்பத்துக்குப் பதில் போட நேரம் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள். படிவத்தை நீங்களே நிரப்பலாம். அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். 'எங்கள் பாடம் துறையில் பதிவானது, வாங்கினால் உங்கள் பிள்ளையும் பதிவானது மாதிரி' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பதிவு செய்வது பிள்ளையை, பாடத் தொகுப்பை அல்ல.

கிரேட் 3 முடிவில் தகுதியுள்ள ஒருவர் மகளை மதிப்பிட வேண்டியிருக்கும். அதனால் இப்போதிருந்தே அவள் எழுதியவற்றில் தேதி போட்டு, மாதத்துக்கு நாலைந்து தாள் எடுத்து வையுங்கள்.