வேறு வேலை

கேள்வி: பந்தைக் குறி பார்த்துப் போடவே வராத ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி, அமெரிக்காவின் மைனர் லீக் என்ற கீழ்நிலை பேஸ்பாலில் ஒன்பது வருடம் எதற்காகக் கிடந்தார்? பேசாமல் வேறு வேலை பார்த்திருக்கலாமே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பார்த்தாரே! ஆட்ட வாழ்க்கை முடிந்த பிறகு கலிஃபோர்னியாவில் தோட்டக் கூலியாக இருந்தார். குடியும் கூடவே இருந்தது.

அவரைப் போல வேகமாக எறிந்தவரைக் கண்டதில்லை என்று சத்தியம் செய்தவர்கள் பலர். 1957-ல், 18 வயதில், பெரிய லீக் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் அவரை எடுத்து, கிங்ஸ்போர்ட் என்ற ஊரில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. 62 இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) 121 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றினார்; 129 பேரை நடக்கவிட்டார். நான்கு பந்து வெளியே போனால் மட்டையாளர் சும்மாவே முதல் பேஸுக்குப் போய்விடலாம், அதுதான் நடை. 1960-ல் ஸ்டாக்டன் என்ற இன்னொரு கீழ்நிலை அணியில் ஸ்டிரைக் அவுட்டும் 262, நடையும் 262. இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் ‘குறி வராதவர்’ என்று எழுதுகிறார்கள்.

1962-ஐயும் பாருங்கள். அப்போது அவர் ஆடிய எல்மைரா அணியின் மேலாளர் ஏர்ல் வீவர், டால்கோவ்ஸ்கிக்கு அதுவரை சொல்லப்பட்ட யோசனைகளையெல்லாம் குறைத்தார். வேகப்பந்து, பக்கவாட்டில் விலகிப் போகும் ஸ்லைடர், இரண்டு போதும் என்றார். அந்த வருடம்தான் முதன்முறையாக நடைகள் இன்னிங்ஸ் எண்ணிக்கைக்குக் கீழே இறங்கின. 1963 மார்ச்சில் பெரிய அணிக்கு ஏறப்போகிற நேரம், நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் முழங்கை போனது. வேகமும் அதோடு போனது. ஆகவே, குறி வராததால் அவர் தோற்கவில்லை. குறி வந்த பிறகு கை போய்விட்டது.

சரி, உங்கள் ‘வேலை’க்கு வருகிறேன். வாசகர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை இதில்தான். திறமையைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேட்கிறீர்கள், சம்பளத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அங்கே மைனர் லீக் ஆட்டத்தை வேலையாக மதிக்கவே பாடுபட வேண்டியிருந்தது. ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் டால்கோவ்ஸ்கி காலத்தில் ஒரு கிளப் பிடித்து வைத்த ஆள், அதுவாக விட்டால்தான் வேறு கிளப்புக்குப் போக முடியும். 2018-ல்கூட ஒரு சட்டம் வந்தது: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தாலும் 40 மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதுமாம், அதுவும் சீசனில் மட்டும்! பெரிய லீக் முதலாளிகள் கோடிகளில் புரள்கிறபோது இப்படி ஒரு சட்டம். படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கூலி கேட்டு வீரர்கள் அதற்கு முன்பே வழக்குப் போட்டிருந்தார்கள். 2022-ல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அப்புறம் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் வந்த முதல் ஒப்பந்தத்தில், மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் ஒன்றான லோ-ஏ நிலை வீரரின் ஆண்டுச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 ஆனது. டால்கோவ்ஸ்கி அதற்கு மூன்று வருடம் முன்பே கொரோனாவில் இறந்துவிட்டார்.

அடுத்த கேள்வியை அனுப்பும்போது, உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர் எந்த ஆட்டத்தில் இருந்தாலும் சரி, கீழ்நிலை ஆட்டங்களில் அவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். முதல் பதில் அதற்குத்தான்.